சினிமாவில் நமக்கான வேலை எது?

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பகுதிகளில் அறை எடுத்துத் தங்கி சினிமாவுக்கு முயன்றுகொண்டிருக்கும் இளைஞர்களிடம் "எதுல இருக்கீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில் "டைரக்‌ஷன்" என்பதுதான். அடுத்த பெரும் பங்கு நடிக்க வந்தவர்கள். ஒலிப்பதிவு கற்க வந்தேன், செட் போடக் கற்க வந்தேன், எடிட்டிங்குக்காக வந்தேன் என்று சொந்த ஊரில் பஸ் ஏறும்போதே முடிவு செய்துகொண்டு வருகிறவர்கள் மிகக் குறைவு. படம் முடிந்ததும் ஓடும் பெயர்களை எழுந்து போகாமல் உட்கார்ந்து படித்தால், அங்கே எத்தனை விதமான வேலைகள் நடந்திருக்கின்றன என்பது தெரியும். தொழிலுக்குள் இருப்பவர்கள் '24 கிராஃப்ட்' என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திறமை, தனி நேரக்கணக்கு, தனி வாழ்க்கை. இவற்றில் தனக்கு உரியது எது என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்குத் தமிழ் சினிமா தன் நடைமுறையால் தந்திருக்கும் விடைகளை இங்கே எடுத்துப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதவியின் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைவிட, வேலையின் இயல்பைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தவர்களே நிலைத்திருக்கிறார்கள். அப்படித் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பைத்தான் நம் சினிமா எல்லோருக்கும் தருவதில்லை.

டைரக்டர் என்ற பெயருக்கு இருக்கும் இந்த ஈர்ப்பு எப்போதும் இருந்ததல்ல. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஜெமினி, ஏவி.எம்., விஜயா-வாஹினி ஆகிய ஸ்டுடியோக்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கதை இலாகா, செட் இலாகா, லேபரட்டரி, எடிட்டிங் என்று எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. பலர் மாதச் சம்பளக்காரர்கள். ரசிகர்களுக்குத் தெரிந்தவை நட்சத்திரங்களின் பெயர்களும் பாடகர்களின் பெயர்களும், பிறகு வசனகர்த்தாக்களின் பெயர்களும். 'பராசக்தி' (1952) மு. கருணாநிதியின் வசனத்துக்காகவும் சிவாஜி கணேசனுக்காகவும் கொண்டாடப்பட்டது. அதை இயக்கியவர்கள் கிருஷ்ணன்-பஞ்சு என்பதை இன்றும் பலர் சற்று யோசித்துத்தான் சொல்வார்கள். ஸ்ரீதரின் 'கல்யாண பரிசு' (1959), கே. பாலசந்தரின் 'நீர்க்குமிழி' (1965), பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) என்று வரிசையாக வந்த படங்களுக்குப் பிறகுதான் போஸ்டரில் இயக்குநர் பெயரைப் பார்த்துப் படத்துக்குப் போகும் பழக்கம் வேர்விட்டது. படைப்பாளிக்குக் கிடைத்த அந்த மரியாதை பெரிய லாபம். கூடவே ஒரு நஷ்டமும் வந்தது: மற்ற வேலைகளெல்லாம் இயக்குநர் ஆவதற்கான படிக்கட்டுகளாகவோ, இயக்குநரின் கற்பனையைச் செய்துகொடுக்கும் கைகளாகவோ பார்க்கப்படத் தொடங்கின.

டைரக்‌ஷன் என்கிற வேலையே காலத்துக்குக் காலம் வேறாக இருந்திருக்கிறது. அமெரிக்காவில் சினிமா படித்துவிட்டு 1935இல் இந்தியா வந்த எல்லிஸ் ஆர். டங்கன், தமிழ் தெரியாமலேயே 'சதி லீலாவதி' (1936) முதல் 'மீரா' (1945), 'மந்திரி குமாரி' (1950) வரை தமிழ்ப் படங்களை இயக்கினார். மொழியின் பொறுப்பு வசனம் எழுதியவர்களிடமும் பயிற்றுவித்தவர்களிடமும் இருந்தது. காட்சியை அமைப்பதும் கேமராவும் அவரிடம் இருந்தன. இன்று தமிழ் தெரியாத ஒருவர் தமிழில் முன்னணி இயக்குநராக இருப்பதை நம்மால் எண்ணிப்பார்க்க முடியாது. ஏனென்றால் இன்று இயக்குநர் என்றால் கதை, திரைக்கதை, வசனம் எல்லாமும் அவரே என்று வைத்திருக்கிறோம். 'எனக்கு டைரக்‌ஷன்தான்' என்று சொல்கிறவர் இவற்றில் எதைச் சொல்கிறார்? எழுதுவதையா, நடிகர்களிடம் வேலை வாங்குவதையா, நூறு பேரை நிர்வகிப்பதையா, காட்சியைப் பிடிப்பதையா? அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினாலே பலருக்குத் தங்கள் வேலை வேறு எங்கோ இருப்பது தெரிந்துவிடும்.

தேடியது ஒன்று, கிடைத்தது இன்னொன்று என்பதற்கு நம் சினிமா வரலாற்றில் சாட்சிகள் நிறைய. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் வேறு பிரிவில் இடம் கிடைக்காமல் ஒளிப்பதிவில் சேர்ந்தார். மலையாளத்தில் 'நெல்லு' (1974) வழியாக ஒளிப்பதிவாளராகப் பெயர் பெற்று, கன்னடத்தில் 'கோகிலா' (1977), தமிழில் 'அழியாத கோலங்கள்' (1979) என்று இயக்கத்துக்கு வந்தார். இயக்குநரான பிறகும் அவர் ஒளிப்பதிவை விடவில்லை, எடிட்டிங்கையும் தானே செய்தார். தற்செயலாகக் கிடைத்த கைத்தொழில் அவருடைய பார்வையாகவே ஆகிவிட்டது. இயற்கை வெளிச்சத்தில் எடுத்த முகங்களை நீக்கிவிட்டு பாலு மகேந்திராவின் படங்களைப் பற்றிப் பேச முடியுமா?

அதே பாலு மகேந்திராவிடம் உதவி இயக்குநராக நான்கு ஆண்டுகள் இருந்தவர் காஞ்சிபுரத்துக்காரரான நா. முத்துக்குமார். அவருடைய கனவு இயக்குநர் ஆவது. பாடல் எழுதும் வாய்ப்பு வந்தது, சீமான் இயக்கிய 'வீர நடை'யில் தொடங்கினார், பிறகு 2016இல் மறையும்வரை தமிழ் சினிமாவில் அதிகம் தேடப்பட்ட பாடலாசிரியராக இருந்தார். 'தங்க மீன்கள்', 'சைவம்' படப் பாடல்களுக்காக இரண்டு தேசிய விருதுகள். அவருடைய பாடல்களைக் கவனித்தால் உதவி இயக்குநராக இருந்த அந்த ஆண்டுகள் வீணாகவில்லை என்று தெரிகிறது. கதாபாத்திரம் எந்த இடத்தில் எந்த மனநிலையில் நிற்கிறது என்பதை அறிந்து எழுதிய பாடல்கள் அவை. கவிதையும் தெரிந்து, படப்பிடிப்புத் தளத்தையும் தெரிந்திருந்தவர் அவர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் அவருக்கான வேலை இருந்தது. இந்த அமைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. சினிமாவுக்கு வருமுன்பே நம்மிடம் இருக்கும் ஒன்றும், சினிமாவுக்குள் வந்து கற்ற ஒன்றும் எங்கே தொடுகின்றன என்று பார்ப்பதுதான் தேடலுக்கு நல்ல தொடக்கம்.

நடிகர்கள் பக்கம் கதை வேறு மாதிரி போகிறது. விக்ரம் 'சேது' (1999) வரும்வரை நாயகனாக நிலைபெற முடியாத ஆண்டுகளில் 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபு தேவாவுக்கும் குரல் கொடுத்தார். டப்பிங் அவருக்குச் சோறு போட்டது. குரலை அடக்கி ஆளவும் கற்றுக்கொடுத்தது. விஜய் சேதுபதி நாடகக் குழுவான கூத்துப்பட்டறையில் கணக்காளராகச் சேர்ந்து, அங்கே நடிகர்கள் பயில்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். எஸ்.ஜே. சூர்யா நடிகராக வேண்டும் என்று வந்து, 'வாலி' (1999), 'குஷி' (2000) என்று இயக்குநராக வென்று, அந்த வெற்றியை வைத்துத் தன்னைத் தானே நாயகனாக்கிக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து 'இறைவி' (2016) போன்ற படங்களில்தான் நடிகராக முழு மதிப்பு பெற்றார். இயக்குநராக இருந்த தம்பி ராமையா 'மைனா'வில் குணச்சித்திர நடிப்புக்காகத் தேசிய விருது வாங்கினார். 'நூறாவது நாள்' (1984) எடுத்த மணிவண்ணனை அடுத்த தலைமுறை நடிகராகத்தான் அறியும். சமுத்திரக்கனியை 'விசாரணை'க்குப் பிறகு நடிகர் என்று சொல்வதா, இயக்குநர் என்று சொல்வதா என்று நாமே தடுமாறுகிறோம்.

இந்த வாழ்க்கைகளைப் பார்த்து 'பொறுத்திருந்தால் எல்லோருக்கும் கிடைக்கும்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெற்றி பெற்றவர்களின் கதைதான் நமக்குப் பேட்டியாகக் கிடைக்கிறது. பத்தாண்டு, பதினைந்தாண்டு உதவி இயக்குநராகவே கழித்து நாற்பது வயதில் ஊர் திரும்பியவர்களின் கதையை யாரும் அச்சிடுவதில்லை. அவர்களில் நல்ல படத்தொகுப்பாளராகவோ, நல்ல தயாரிப்பு நிர்வாகியாகவோ வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று யோசிக்கும்போதுதான் இந்தக் கேள்வியின் கனம் தெரிகிறது.

ஆகவே வேலைகளைப் பெயரால் பார்க்காமல், ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதால் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் நுழையும் வாசல் உதவி இயக்குநர் வேலை. கிளாப் அடிப்பது, கன்டினியுட்டி எழுதுவது, காட்சிக்கு வேண்டிய உடைகளையும் பொருள்களையும் பட்டியல் போடுவது, நடிகருக்கு வசனம் சொல்லிக்கொடுப்பது, கூட்டத்தில் துணை நடிகர்களை நகர்த்துவது, டப்பிங் தியேட்டரில் நள்ளிரவுவரை உட்கார்ந்திருப்பது என்று அது போகும். இதில் எது தனக்கு அலுக்கவில்லை என்று கவனிப்பவர் குறைவு. கன்டினியுட்டியில் ஒரு தவறும் விடாதவருக்கு, நேற்று எடுத்த ஷாட்டில் தம்ளர் எந்தக் கையில் இருந்தது என்று கேட்ட நொடியில் சொல்பவருக்கு, எடிட்டிங் அறை காத்திருக்கலாம். பொருள்களைத் தேடி மூர் மார்க்கெட்டும் பழைய இரும்புக் கடையும் அலைவதில் சந்தோஷப்படுகிறவர் கலை இயக்கத்தில் சேர வேண்டியவர். வசனம் சொல்லிக்கொடுக்கும்போது நடிகரின் தயக்கத்தைத் தீர்த்து வைப்பவரிடம் நடிப்புப் பயிற்சியாளரோ, இயக்குநரோ இருக்கிறார். கூட்டத்தைச் சத்தமில்லாமல் ஒழுங்குபடுத்துகிறவர் நல்ல கோ-டைரக்டர் ஆவார். தமிழ் சினிமாவில் நல்ல கோ-டைரக்டருக்கு இருக்கும் தேவை கொஞ்சநஞ்சமல்ல.

இயக்கத்துக்கு மிக நெருங்கிய வேலை படத்தொகுப்பு என்பதை வரலாறே சொல்கிறது. கிருஷ்ணன்-பஞ்சு இரட்டையரில் பஞ்சு எடிட்டர். அவர்களிடம் பயின்ற ஏ. பீம்சிங்கும் எடிட்டிங்கிலிருந்து வந்தவர். ஏவி.எம். எடிட்டிங் பிரிவிலிருந்து வந்த எஸ்.பி. முத்துராமன் 'கனிமுத்து பாப்பா' (1972) தொடங்கி எத்தனை படங்களை, குறித்த நாளில் குறித்த செலவில் முடித்துக்கொடுத்தார்! ரஜினிகாந்தை வைத்து மட்டும் 25 படங்கள். எடுக்கும்போதே எது வெட்டப்படும் என்று தெரிந்தவரால்தான் அப்படி வேலை செய்ய முடியும். ஆனால் எடிட்டர் இயக்குநராகித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பீம்சிங்கின் மகன் பி. லெனின் எடிட்டிங் மேசையிலேயே தன் பெரும் வாழ்க்கையை அமைத்துக்கொண்டு, 'நாக் அவுட்' போன்ற குறும்படங்களைத் தன் மனதுக்காக எடுத்தார். ஸ்ரீகர் பிரசாத் பல மொழிப் படங்களைத் தொகுத்துப் பலமுறை தேசிய விருது பெற்றிருக்கிறார். 'விசாரணை'யைத் தொகுத்த டி.இ. கிஷோருக்கு அந்தப் படத்துக்கான தேசிய விருது மறைவுக்குப் பின்னரே வந்தது. இந்த வேலைக்கு வேண்டியது தனிமையில் சலிக்காத மனம். ஒரே ஷாட்டை நாற்பது தடவை பார்க்க வேண்டும். அதைவிடக் கடினம், இயக்குநர் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சியை 'இது படத்துக்கு வேண்டாம் சார்' என்று அவர் மனம் நோகாமல் சொல்வது. பிறர் படைப்பின்மேல் அக்கறையும், அதே சமயம் பற்றின்மையும் ஒருங்கே உள்ளவர்கள்தான் இதில் நிலைக்கிறார்கள்.

ஒலி, தமிழில் மிகவும் புறக்கணிக்கப்பட்ட துறை. படப்பிடிப்பில் பதிவாவது அடையாளத்துக்கு மட்டும், எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற பழக்கம் தலைமுறைகளாக நம்மிடம் ஊறியிருக்கிறது. 'விருமாண்டி' (2004) படப்பிடிப்புத் தளத்திலேயே ஒலியைப் பதிவு செய்து எடுக்கப்பட்டபோது அது தனிச் செய்தியாகப் பேசப்பட்டது என்பதே நிலைமையைச் சொல்லும். இத்தனைக்கும் நம்மிடம் மேதைகள் இருந்திருக்கிறார்கள். ஏ.ஆர். ரஹ்மானுடன் பணியாற்றிய எச். ஸ்ரீதர், ஏ.எஸ். லட்சுமி நாராயணனுடன் சேர்ந்து 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் ஒலிக்காகத் தேசிய விருது பெற்றவர். அவர் 2008இல் மறைந்தபோது எத்தனை ரசிகர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? இன்று தளத்தில் ஒலிப்பதிவு, எஃபெக்ட்ஸ், ஃபோலி, மிக்ஸிங், சவுண்ட் டிசைன் என்று இத்துறைக்குள் பல தனி வேலைகள் பிரிந்துவிட்டன. மழை நின்ற பிறகு ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீருக்கும் வித்தியாசம் கேட்கிற காது யாருக்கு இருக்கிறதோ, அவர் டைரக்‌ஷன் வரிசையில் நின்று காலத்தைக் கழிக்காமல் இங்கே வரலாம். வரிசை இங்கே சிறியது.

கலை இயக்கத்தைப் பற்றி 'நாயகன்' (1987) ஒன்றே போதும். தாராவியைச் சென்னையில் எழுப்பிய தோட்டா தரணிக்கு அதற்காகத் தேசிய விருது கிடைத்தது. ஓவியம், தச்சு, வரலாறு, வரவு செலவு நான்கும் ஒருவரிடம் சேர வேண்டிய துறை அது. உடை வடிவமைப்பும் அப்படியே. 'பரதேசி'யில் தேயிலைத் தோட்டக் கூலிகளுக்குக் கந்தல் உடை அமைத்த பூர்ணிமா ராமசாமிக்குக் கிடைத்த தேசிய விருது, பளபளப்பே உடை வடிவமைப்பு என்று நினைத்தவர்களுக்கு நல்ல பாடம்.

தயாரிப்பு நிர்வாகம் யாரும் கனவு காணாத வேலை. ஆனால் படம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். கால்ஷீட்டுகளை இணைப்பது, அனுமதி வாங்குவது, வெளியூரில் இருநூறு பேருக்கு இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது, பேட்டாவைச் சரியாகப் பிரித்துக்கொடுப்பது, நடிகரின் கோபத்துக்கும் தயாரிப்பாளரின் பதற்றத்துக்கும் நடுவில் நிற்பது எல்லாம் இவர்கள் தலையில். 2020 பிப்ரவரியில் சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பிறகாவது, தளத்தில் ஆட்களின் பாதுகாப்பைக் கணக்கிட்டுத் திட்டமிடுவது தனிப் படிப்பாகவும் தனிப் பொறுப்பாகவும் மதிக்கப்பட வேண்டும். வணிகவியலும் மேலாண்மையும் படித்துவிட்டு சினிமாவின் மேல் ஆசையோடு இருக்கும் எத்தனையோ பேருக்குத் தங்கள் படிப்பு சினிமாவில் பயன்படும் என்பதே தெரியாது. கண்ணதாசனிடம் உதவியாளராக இருந்து, பாடலாசிரியராகி, கதாசிரியராகி, தயாரிப்பாளராகி, 'அன்னக்கிளி'யில் (1976) இளையராஜாவை அறிமுகப்படுத்திய பஞ்சு அருணாசலத்தைப் போல, கலையும் கணக்கும் சேர்ந்த மனிதர்கள் நமக்கு இன்னும் வேண்டும்.

ஒளிப்பதிவாளர்கள் இயக்குநராவது தமிழில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. பி.சி. ஸ்ரீராம் 'மீரா' (1992), ராஜீவ் மேனன் 'மின்சார கனவு' (1997), ஜீவா '12பி' (2001), பத்திரிகைப் புகைப்படக்காரராகத் தொடங்கி ஸ்ரீராமிடம் பயின்ற கே.வி. ஆனந்த் 'கனா கண்டேன்' (2005), எம். மணிகண்டன் 'காக்கா முட்டை' (2015) என்று பட்டியல் நீள்கிறது. இவர்களில் சிலர் மீண்டும் கேமராவுக்குத் திரும்பினார்கள். அதைத் தோல்வியாகப் பேசுவது தவறு. ஸ்ரீராமின் பெயரை நிலைநிறுத்தியது அவருடைய ஒளிப்பதிவு. படம் இயக்கிப் பார்த்துவிட்டு ஒளிப்பதிவே தன் வேலை என்று தெரிந்துகொள்வதும் ஒரு கண்டடைதல்தான். மணிகண்டனோ 'காக்கா முட்டை'யைத் தானே ஒளிப்பதிவும் செய்து இயக்கினார். அந்தப் படத்தில் எழுத்தும் கேமராவும் ஒரே மனதிலிருந்து வந்தது தெரிகிறது. இரண்டு வழிக்கும் இடம் உண்டு.

இனி, கற்கும் வழிகளுக்கு வருவோம். ஸ்டுடியோக்கள் தளர்ந்த பிறகு நம் சினிமாவைத் தாங்கியது குரு-சிஷ்ய வழி. பாரதிராஜாவிடமிருந்து பாக்யராஜ், பாக்யராஜிடமிருந்து பார்த்திபன், பாண்டியராஜன். பாலு மகேந்திராவிடமிருந்து பாலா, வெற்றிமாறன், ராம், சீனு ராமசாமி. ராமிடமிருந்து மாரி செல்வராஜ். இந்த வம்சாவளி மாபெரும் கொடை. அதன் குறையும் அதே அளவு பெரியது. குரு இயக்குநராக இருப்பதால் சிஷ்யனும் இயக்குநராகவே தன்னைக் கற்பனை செய்துகொள்கிறான். ஐந்தாறு ஆண்டுகள் ஒரே துறைக்குள், ஒரே மனிதரின் ரசனைக்குள் வாழ்கிறான். ஒலிக்கூடத்திலோ கலை இயக்குநரின் பட்டறையிலோ ஒரு மாதம் இருந்து பார் என்று அனுப்பிவைக்கும் குருக்கள் அபூர்வம்.

பள்ளி வழி இதற்கு மாற்று. சென்னையில் அரசின் திரைப்படக் கல்லூரிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1940களிலேயே ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்பிக்கத் தொடங்கிய இடம் அது. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். ஆபாவாணன் தயாரித்து அரவிந்தராஜ் இயக்கிய 'ஊமை விழிகள்' (1986), அந்தக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்தால் ஒரு முழு வணிகப் படத்தை எல்லாத் துறையிலும் தாங்களே செய்ய முடியும் என்று காட்டியது. இன்று எல்.வி. பிரசாத் அகாடமி, மைண்ட்ஸ்கிரீன் போன்ற தனியார் நிறுவனங்களும் கல்லூரிகளின் விஸ்காம் துறைகளும் இருக்கின்றன. பள்ளியின் உண்மையான பயன் சான்றிதழில் இல்லை. ஒருவர் இயக்க, இன்னொருவர் ஒளிப்பதிவு செய்ய, மூன்றாமவர் தொகுக்க, அடுத்த பயிற்சியில் எல்லோரும் இடம் மாறிக்கொள்ள அங்கே முடிகிறது. தவறு செய்தால் யாருடைய பணமும் போகாது. சேரும் நாளிலேயே பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பள்ளிகள் இந்தப் பயனைத் தாங்களே குறைத்துக்கொள்கின்றன. முதல் ஆண்டு எல்லோருக்கும் பொதுவாகவும் அதன்பின் பிரிவாகவும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தனியார் கட்டணமோ எளிய குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. வெற்றிமாறன் வசதியற்ற பின்னணியிலிருந்து வரும் மாணவர்களுக்காகத் தொடங்கிய பயிற்சி நிறுவனம் அந்த வகையில் மனதாரப் பாராட்ட வேண்டிய முயற்சி.

மூன்றாவது வழி குறும்படம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 'பீட்சா' (2012), பாலாஜி மோகன் 'காதலில் சொதப்புவது எப்படி' (2012), நலன் குமரசாமி 'சூது கவ்வும்' (2013) என்று அடுத்தடுத்து எடுத்தபோது, யாரிடமும் உதவியாளராக இல்லாமலே நுழையலாம் என்ற நம்பிக்கை பரவியது. கையில் கேமரா உள்ளவர்கள் எல்லோரும் எழுதி, இயக்கி, தொகுத்துப் பார்க்கும் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் நிகழ்ச்சியின் பெயரிலேயே இருப்பதுபோல, அங்கும் இலக்கு இயக்குநர் நாற்காலி ஒன்றே. ஒரே குழுவில் ஐந்து பேரும் ஐந்து படங்களுக்கு இயக்குநராக இருக்க விரும்புகிறார்கள். மற்றவர் படத்தில் மனமில்லாமல் வேலை செய்கிறார்கள். தன் குறும்படத்தில் எல்லாவற்றையும் தானே செய்கிறவருக்கு எதில் தான் திறமைசாலி என்பது தெரிவதேயில்லை, ஒப்பிட்டுச் சொல்ல வேறு கை அங்கே இல்லாததால்.

எழுத்தாளரின் இடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சினிமாவின் பெரிய ஓட்டை இதுதான். ஒரு காலத்தில் ஆரூர்தாஸ் போல எழுத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். பிறகு 'கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்' ஒரே பெயருக்குக் கீழே வந்தது. மகேந்திரன் பல ஆண்டுகள் கதை வசனம் எழுதிவிட்டு 'முள்ளும் மலரும்' (1978) வழியாக இயக்கத்துக்கு வந்ததும், பாக்யராஜ் எழுத்தாலேயே நாயகனாகவும் இயக்குநராகவும் உயர்ந்ததும் அந்த மாற்றத்தின் சிறந்த பலன்கள். ஆனால் நன்றாக எழுதத் தெரிந்து, படப்பிடிப்புத் தளத்தின் இரைச்சலில் வேலை செய்ய விருப்பமில்லாதவருக்கு இங்கே வழி அடைந்துபோனது. சுஜாதா, ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் என்று இலக்கியப் பெயரோடு வந்தவர்களுக்குத்தான் அழைப்பு வந்தது. புதிதாக ஒருவர் திரைக்கதை எழுதி மட்டும் பிழைக்க முடிவதில்லை. பக்கத்தில் மலையாளத்தைப் பாருங்கள். எம்.டி. வாசுதேவன் நாயர் காலத்திலிருந்து சியாம் புஷ்கரன் வரை திரைக்கதையாசிரியரின் பெயருக்காகப் படம் பார்க்கும் ரசிகர்கள் அங்கே உண்டு. தமிழில் இயக்குநராக வேண்டும் என்று அலைகிறவர்களில் கணிசமானோர் உண்மையில் எழுத்தாளர்கள் என்று நான் நினைக்கிறேன். எழுத்துக்குத் தனிச் சம்பளமும் தனிப் பெயரும் இருந்தால் அவர்கள் அந்த வரிசையை விட்டு நகர்ந்துவிடுவார்கள். நம் படங்களின் இரண்டாம் பாதிகளும் உருப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் தேர்ந்தெடுக்க முடிகிறவர்களுக்கு. தேர்வே இல்லாதவர்கள் கதை வேறு. உதவி இயக்குநருக்குச் சம்பளம் மிகக் குறைவு, பல படங்களில் அதுவும் ஒழுங்காக வருவதில்லை. மாதாமாதம் ஊரிலிருந்து பணம் அனுப்பக் குடும்பம் இருப்பவர்தான் பத்து ஆண்டுகள் காத்திருக்க முடியும். சங்க உறுப்பினர் அட்டைக்கான கட்டணம் புதியவருக்குப் பெரிய தொகை. லைட்மேன், செட் உதவியாளர், டிரைவர் வேலைகளில் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும், கேமராவுக்குப் பின்னால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் இருப்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை. பா. இரஞ்சித் தன் முதல் படங்களின் வெற்றிக்குப் பிறகு நீலம் நிறுவனத்தைத் தொடங்கி, மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) போன்ற முதல் படங்களுக்கு வழி திறந்தது இந்தப் பின்புலத்தில் பார்க்க வேண்டியது. இதற்கெல்லாம் வெகு முன்பே, வங்காளத்திலிருந்து வந்து 'பாதை தெரியுது பார்' (1960) எடுத்த நிமாய் கோஷும், அந்தப் படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசனும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களைச் சங்கமாக்கப் பாடுபட்டார்கள். கலைஞர்களே அந்த வேலையைத் தலையில் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம்.

பெண்களுக்கு நடிப்புக்கு வெளியே வேலை இருக்கிறது என்பதை டி.பி. ராஜலட்சுமி 1936இலேயே 'மிஸ் கமலா'வை எழுதி இயக்கிக் காட்டினார். ஒளிப்பதிவாளர் அசோக் குமாரிடம் உதவியாளராக இருந்த பி.ஆர். விஜயலட்சுமி 'சின்ன வீடு' (1985) படத்தில் ஒளிப்பதிவாளரானார். பிறகு 'பாட்டு பாடவா' (1995), 'அபியும் அனுவும்' (2018) என இரண்டு படங்களை இயக்கினார். அவ்விரண்டுக்கும் இடையே ஓடிய ஆண்டுகளை எண்ணினால் இத்துறை பெண்களுக்கு எவ்வளவு இறுக்கமானது என்று புரியும். மலையாள சினிமாவின் நிலையை ஆராய்ந்த ஹேமா குழு அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, தளத்தில் கழிப்பறை, உடை மாற்றும் அறை போன்ற அடிப்படை வசதிகளே இல்லை என்பது ஊரறியப் பேசப்பட்டது. இவை இல்லாத இடத்தில் ஒரு பெண்ணிடம் 'உனக்கு எந்தத் துறை பிடிக்கும்?' என்று கேட்பதில் அர்த்தமில்லை. சுதா கொங்கரா மணிரத்னத்திடம் பயின்று, 'துரோகி' (2010) எடுத்து, 'இறுதிச்சுற்று' (2016) வரை காத்திருக்க நேர்ந்தது. முதல் படம் ஓடாத ஆண் இயக்குநருக்கு இவ்வளவு நாள் ஆவதில்லை.

தொழில்நுட்பம் வேலைகளை அழித்தும் ஆக்கியும் வருகிறது. பிலிம் போனதோடு நெகட்டிவ் கட்டிங்கும் லேபரட்டரி வேலைகளும் போயின. டி.ஐ. கலரிஸ்ட், வி.எஃப்.எக்ஸ். சூப்பர்வைசர், சப்டைட்டில் எழுதுபவர் என்று புதியவை வந்தன. 'விண்ணைத்தாண்டி வருவாயா', 'எந்திரன்' காலத்தில் (2010) தமிழ்ப் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதி ரேக்ஸ் என்ற பெயரில் தனி அடையாளம் பெற்றவரைப் பாருங்கள். அவர் தொடங்கும்போது அப்படி ஒரு துறை இங்கே இருந்ததாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனவே சினிமாவுக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் படத்தை எடுப்பதற்கு முன் நண்பர்களின் படங்கள் மூன்றில் வேலை செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் வேறு துறையைக் கேட்டு வாங்குங்கள். ஒன்றில் பூம் மைக்கைப் பிடியுங்கள், ஒன்றில் செலவுக் கணக்கை எழுதுங்கள், ஒன்றைத் தொகுத்துக்கொடுங்கள். எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை என்பதையும், அடுத்த படத்துக்கு எந்த வேலைக்காக உங்களை மறுபடி கூப்பிட்டார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அதற்குப் பிறகும் இயக்கமே என்று மனம் சொன்னால் தயங்காமல் போங்கள், அப்போது எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்கும். தயாரிப்பாளர்களுக்கும் சங்கங்களுக்கும் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு துறையின் உதவியாளருக்கும், முதல் நாள் படப்பிடிப்புக்கு முன்பே, மாதச் சம்பளம் எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும்.